கார்ப்பெட்டில் நிதானம், மரத்தில் அவசரம்

விடியற்காலை ஐந்து மணிக்குக் கட்டிலைவிட்டு இறங்கினால் காலடியில் 'சளக்'. யாரோ தண்ணீர் பாட்டிலைத் தட்டிவிட்டார்கள் போலிருக்கிறது என்று தூக்கக் கலக்கத்தில் நினைத்துக்கொண்டு இன்னொரு அடி வைத்தேன். அங்கேயும் சளக். அப்புறம்தான் எங்கோ மெல்லிசாக 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் கேட்டது. வாஷிங் மெஷினுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் ராத்திரி எந்நேரமோ வெடித்து, மெஷின் இருக்கும் சின்ன அறையை நிரப்பி, ஹாலின் மரத்தரை வழியாக ஓடி, படுக்கையறை கார்ப்பெட்டை முழுசாகக் குடிக்க வைத்திருந்தது.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது எழுதுவதற்குக் காரணம், சமீபத்தில் ஒரு நண்பர் வீட்டிலும் இதே கதை. போனில் அவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போதுதான் எனக்கே தெளிவாகப் புரிந்தது, நான் செய்ததெல்லாம் தலைகீழ். ஓடி ஓடிச் செய்யவேண்டிய கார்ப்பெட் வேலையில் நிதானமாக இருந்தேன், காத்திருக்கவேண்டிய மரத்தரையில் அவசரப்பட்டேன். இரண்டுக்கும் தண்டம் கட்டினேன்.

முதலில் ஒரு விஷயம். தண்ணீர் நிற்கும் அறைக்குள் நடப்பதற்கு முன்னால் மின்சாரத்தை நிறுத்துங்கள். நான் நிறுத்தவில்லை, தரையோரத்தில் எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்று தண்ணீரில் பாதி முழுகிக் கிடந்ததைப் பிறகுதான் பார்த்தேன், இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. மெயின் ஸ்விட்சுக்குப் போகும் வழியே ஈரமாக இருந்தால் அதைத் தொடவே வேண்டாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அடுத்தது தண்ணீர் வரும் வால்வை மூடுவது. அப்புறம் எதையும் நகர்த்துவதற்கு முன்னால் போட்டோ எடுப்பது. இன்ஷூரன்ஸ் இருந்தால் வெடித்த ஹோஸையும் நனைந்த கார்ப்பெட்டில் ஒரு துண்டையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், நாளைக்கு "எங்கே காட்டுங்கள்" என்பார்கள்.

வந்தது என்ன தண்ணீர் என்பது முக்கியம். தண்ணீரில் நனைந்த வீடுகளைச் சீர்செய்யும் தொழிலில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஐ.ஐ.சி.ஆர்.சி. என்ற அமைப்பின் எஸ்500 என்கிற தரவிதியைப் பின்பற்றுகிறார்கள், அதில் தண்ணீரை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள். குழாயில் வரும் நல்ல தண்ணீர் முதல் வகை. வாஷிங் மெஷின் வெளியே தள்ளும் சோப்புத் தண்ணீர் மாதிரி கொஞ்சம் அழுக்கானது இரண்டாவது. சாக்கடை, வெள்ளம், கழிவறையிலிருந்து பொங்கியது எல்லாம் மூன்றாவது. மூன்றாவது வகை என்றால் கார்ப்பெட்டைக் காப்பாற்றுகிற பேச்சே கிடையாது, எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் கையுறை போட்டுக்கொண்டு வெட்டி வெளியே எறியவேண்டியதுதான். எங்கள் வீட்டில் உடைந்தது உள்ளே வரும் ஹோஸ், அதனால் சுத்தமான தண்ணீர். ஆனால் சுத்தமான தண்ணீர் சுத்தமாகவே இருந்துவிடாது. கார்ப்பெட்டுக்குள் இருக்கும் தூசி, தோல் துகள், செருப்பு மண் எல்லாவற்றோடும் கலந்து ஓரிரண்டு நாளில் அதுவே இரண்டாம் வகை ஆகிவிடும். பூஞ்சைக்கும் அவ்வளவு நேரமே போதும். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவைத்துவிடுங்கள் என்றுதான் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் சொல்கிறது.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. நான் செய்தது என்னவென்றால், தண்ணீர் உறிஞ்சும் வாக்குவம் கிளீனரை இரவல் வாங்கி, கார்ப்பெட்டின் மேல் ஒருமுறை ஓட்டி, இரண்டு ஃபேன் வைத்து, ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டேன். மறுநாள் சாயங்காலம் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது. அப்பாடா என்று கட்டிலைப் பழைய இடத்தில் போட்டுப் படுத்துவிட்டேன்.

நான்காம் நாள் ஒரு வாடை. துவைத்த துணியை வாளியிலேயே மறந்துவிட்டால் வருமே, அதே வாடை. சுவரோரமாகக் கட்டைவிரலால் கார்ப்பெட்டை அழுத்தினேன், விரலைச் சுற்றித் தண்ணீர் ஊறி மேலே வந்தது, எடுத்தேன், உள்ளே போய்விட்டது. மூலையில் இடுக்கியால் பிடித்துக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தபோதுதான் கார்ப்பெட் என்பது நாம் மேலே பார்க்கும் நூல் மட்டும் இல்லை என்பது உறைத்தது.

மேலே நூல். அந்த நூலைக் கோத்துப் பிடித்திருக்க ஒரு வலைத்துணி. அதற்குக் கீழே லேடெக்ஸ் பசை, அந்தப் பசையின் மேல் ஒட்டிய இன்னொரு துணி. இவ்வளவுதான் கார்ப்பெட். அதற்கும் அடியில் தனியாக ஒரு ஸ்பாஞ்ச் மெத்தை. காலுக்கு மெத்தென்று இருப்பதற்கு அதுதான் காரணம், மொத்தத் தண்ணீரையும் குடித்து வைத்திருப்பதும் அதுதான். நூல் காய்ந்துவிடும், காற்று படுகிறது அல்லவா. மெத்தை காயாது. மேலே காய்ந்த மூடி, கீழே குளம்.

எனக்குத் தெரிந்தவரை அந்த மெத்தையைக் காப்பாற்ற முயல்வது வெட்டி வேலை. நல்ல தண்ணீராக இருந்து முதல் நாளே பெரிய மெஷின் வைத்து உறிஞ்சினால் சில சமயம் பிழைக்கும் என்கிறார்கள். ஆனால் கார்ப்பெட்டோடு ஒப்பிட்டால் அதன் விலை குறைவுதான், அதற்காகக் கார்ப்பெட்டைப் பணயம் வைப்பானேன்? கார்ப்பெட்டைச் சுவரோரத்தில் அதைப் பிடித்துவைத்திருக்கும் ஆணிப்பட்டையிலிருந்து விடுவித்து, பாதி அறைக்கு மடித்து, மெத்தையைக் கத்தியால் பட்டை பட்டையாக வெட்டிச் சுருட்டி வெளியே எடுத்துவிடுங்கள். சின்னத் துண்டுகளாக வெட்டுங்கள். நனைந்த மெத்தை பிணக் கனம் கனக்கும், நான் பெரிய சுருளாகச் சுருட்டிவிட்டு வாசல்வரை இழுப்பதற்குள் இடுப்பு போய்விட்டது. ஆணிப்பட்டையில் கை வைக்கும்போது ஜாக்கிரதை, அதில் ஊசி ஊசியாக ஆணிகள் மேல்நோக்கி நிற்கும். ஈரத்தில் அவை துருப்பிடித்து, கார்ப்பெட் ஓரத்தில் செம்புள்ளி வரிசையும் போட்டுவிடும், அதனால் பட்டையையும் மாற்றிவிடுவது நல்லது.

உறிஞ்சுவதைப் பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும். வாக்குவத்தை ஒருமுறை ஓட்டுவது போதவே போதாது. தண்ணீரைத் தண்ணீராகவே வெளியே எடுப்பது சுலபம், ஆவியாக்கி எடுப்பதுதான் கஷ்டம். வாக்குவம் பத்து நிமிடத்தில் எடுக்கிற தண்ணீருக்கு ஃபேன் பல மணி நேரம் ஓடவேண்டியிருக்கும். அதனால் ஒரே இடத்தில் மெதுவாக, மூன்று நான்கு முறை, டேங்கில் தண்ணீர் விழும் சத்தம் நிற்கும்வரை ஓட்டவேண்டும். அதுவரை அந்த அறையில் குறுக்கும் நெடுக்கும் நடக்கக்கூடாது. ஊறிய லேடெக்ஸ் பசை பலமில்லாமல் இருக்கும்போது மிதித்தால் இரண்டு துணிகளும் பிரிந்துவிடும். எனக்குக் கதவருகே, எல்லோரும் நடந்து நடந்து, இரண்டு கை அகலத்துக்கு நனைந்த தபால் உறை மாதிரிப் பிரிந்து வந்துவிட்டது. அந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டு, அலமாரிக்கு அடியில் காய்ந்தே இருந்த பகுதியிலிருந்து துண்டு வெட்டி ஒட்டுப்போட வேண்டியதாயிற்று.

மெத்தை போன பிறகு, கார்ப்பெட்டின் ஒரு ஓரத்தைத் தூக்கி அதற்குள் ஃபேன் காற்றைச் செலுத்தினால் மொத்தக் கார்ப்பெட்டும் கூடாரம்போல எழும்பி மிதக்கும். இரண்டு பக்கமும் காற்று படும், கீழே தரையும் காயும். பார்ப்பதற்கு வேடிக்கையாக இருக்கும். இந்தக் கட்டத்தில்தான் ஜன்னல் விஷயம். ஃபேன் தண்ணீரை ஒழிப்பதில்லை, கார்ப்பெட்டிலிருந்து காற்றுக்கு மாற்றுகிறது, அவ்வளவுதான். அந்தக் காற்று வெளியே போகவேண்டும், அல்லது அதிலிருந்து யாராவது தண்ணீரைப் பிடுங்கவேண்டும். வெளியே வறண்ட காற்று என்றால் ஜன்னலைத் திறங்கள். வெளியே புழுக்கமாகவோ மழையாகவோ இருந்தால் திறக்காதீர்கள், வெளி ஈரத்தையும் சேர்த்து உள்ளே அழைத்ததுபோல் ஆகிவிடும். ஜன்னலைச் சாத்திவிட்டு, காற்றிலிருந்து ஈரத்தைப் பிடுங்கி வாளியில் சேர்க்கும் டீஹியுமிடிஃபயர் ஓட்டவேண்டும். வாடகைக்கு எடுத்துவந்தேன், முதல் நாள் அதன் வாளியை மூன்று முறை கொட்டினேன். 'காய்ந்த' அறையிலிருந்து மூன்று வாளி.

கம்பளி விரிப்பு, கையால் நெய்தது என்றால் கதை வேறு. அதற்குச் சூடு ஆகாது, சுருங்கும். சாயம் இறங்கும். நனைந்த விரிப்பைத் தூக்கிக் கம்பியில் போட்டால் அதன் கனத்திலேயே நெய்தது இழுபட்டுக் கோணிவிடும். சமமாகத் தரையில் விரித்து, மேலும் கீழும் துண்டு வைத்து அழுத்தி ஈரத்தை எடுத்துவிட்டு, அந்த வேலை தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். நீங்களே ஷாம்பூ போட்டு வீரம் காட்டவேண்டாம்.

கறைகள். மர நாற்காலியின் கால் ஈரக் கார்ப்பெட்டில் ஒரு ராத்திரி நின்றாலே சாயம் இறங்கிவிடும். தூக்கி நகர்த்த முடியாத சாமானாக இருந்தால் ஒவ்வொரு காலுக்கு அடியிலும் அலுமினியத் தாளை மடித்து வையுங்கள், ஐந்து நிமிட வேலை. காயும்போது புதிதாக ஒரு பழுப்பு நிறம் வந்தால் பயப்படவேண்டாம். அடியில் சணல் துணி இருக்கும் பழைய கார்ப்பெட்களில் இது சகஜம். தண்ணீர் நூல் வழியாக மேலே ஏறி ஆவியாகும்போது அடியில் கரைந்ததையெல்லாம் நூல் நுனியில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறது. வெள்ளை வினிகரை நிறையத் தண்ணீரில் கலந்து ஒற்றி எடுத்தால் பெரும்பாலும் போய்விடும், ஆனால் கண்ணில் படாத மூலையில் முதலில் போட்டுப் பாருங்கள்.

சரி, மரத்துக்கு வருவோம். எனக்கு நிஜமாகவே வலித்தது அங்கேதான்.

முதல் நாள் மரத்தரைக்கு ஒன்றுமே ஆகவில்லை. துடைத்தேன், பளபளவென்று இருந்தது, கார்ப்பெட்தான் போச்சு, மரம் தப்பித்தது என்று எல்லோரிடமும் பெருமையடித்தேன். மூன்றாம் நாள் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு செல்போன் டார்ச்சைத் தரையோரமாகப் படுக்கவைத்தபோது, வேறு எதற்கோ குனிந்தேன், ஹால் முழுவதும் வரி வரியாக நிழல். ஒவ்வொரு பலகையின் இரண்டு ஓரமும் எழும்பி, நடுப்பகுதி குழிந்து, வெறுங்காலில் நடந்தால் துணி துவைக்கும் பலகைமேல் நடப்பதுபோல் இருந்தது.

நடந்தது இதுதான். மேலே வார்னிஷ் பூச்சு இருப்பதால் தண்ணீர் மேற்பரப்பு வழியாக அவ்வளவாக இறங்காது, பலகைகளின் இடுக்கு வழியாக இறங்கி அடியில் இருக்கும் ப்ளைவுட்டில் போய் நிற்கும். நான் வைத்த ஃபேன் மேல்பக்கத்தைக் காயவைத்தது. பலகையின் அடிப்பக்கம் ஈரம், மேல்பக்கம் காய்ந்தது. ஈரம் பட்ட பக்கம் உப்பும், உப்பினால் ஓரங்கள் மேல்நோக்கி வளையும். மரம் நீளவாக்கில் கிட்டத்தட்ட நீளுவதே இல்லை, அகலத்தில்தான் உப்பும், அதிலும் மரத்தின் ஆண்டு வளையங்களின் போக்கில் உப்புவது மையத்திலிருந்து வெளிநோக்கி உப்புவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால்தான் ஒரே தரையில் பக்கத்துப் பக்கத்துப் பலகைகள்கூட வேறு வேறு மாதிரி வளைகின்றன, எந்தப் பலகையை மரத்தில் எப்படி அறுத்தார்கள் என்பதைப் பொறுத்து. இன்னும் நிறையத் தண்ணீர் குடித்திருந்தால், விரிய இடமில்லாமல் பலகைகள் ஒன்றையொன்று தள்ளி அடித்தளத்தைவிட்டே கூடாரமாக எழும்பியிருக்கும். அந்த அளவுக்குப் போகவில்லை.

இங்கேதான் நான் அவசரப்பட்டேன். மூன்றாவது வாரம். தரை தேய்த்துப் பாலிஷ் போடுகிற ஒருவரைக் கூப்பிட்டேன், பெயர் வேண்டாம், அவரை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை, கெஞ்சியது நான்தான். அவர் மெஷினைப் போட்டு எழும்பிய ஓரங்களையெல்லாம் இழைத்துச் சமமாக்கி, பூச்சும் அடித்துக் கொடுத்தார். கோலிக்குண்டை வைத்தால் உருளாது, அப்படி ஒரு சமம். இரண்டு மாதம் கழித்து அதே டார்ச்சைத் தரையில் வைத்துப் பார்த்தேன். நிழல் திரும்ப வந்திருந்தது, ஆனால் தலைகீழாக. இப்போது ஓரங்கள் பள்ளம், நடு மேடு.

அதற்குப் பிறகுதான் வயதான தச்சர் ஒருவர் வந்தார். பையிலிருந்து மரத்தின் ஈரப்பதத்தை அளக்கும், இரண்டு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும் மாய்ஸ்சர் மீட்டரை எடுத்து, தண்ணீரே படாத அறையில் முதலில் குத்திப் பார்த்தார். 9 சதவீதம். பிறகு ஹாலில். பெரும்பாலான இடத்தில் 10.

"இழைச்ச அன்னைக்கு எவ்வளவு இருந்துச்சு தம்பி?"

"பார்க்கலைங்கண்ணே. மீட்டரெல்லாம் இல்ல."

"அப்ப கண்ண மூடிக்கிட்டு இழைச்சிருக்கீங்க."

ஈரத்தில் ஓரம் எழும்பியிருந்தபோது அந்த ஓரத்தைச் செதுக்கி எறிந்துவிட்டோம். பிறகு மரம் காய்ந்து தன் பழைய வடிவத்துக்குத் திரும்பியது. ஓரம் இறங்கவேண்டிய இடத்துக்கு இறங்கியது, ஆனால் அங்கே இப்போது மரம் குறைவு. சும்மா விட்டிருந்தால் பாதிக்கு மேல் தானாகவே சமமாகியிருக்கும் என்றார் அவர். கெட்டி மரப்பலகை 18, 19 மில்லிமீட்டர் கனம் இருந்தாலும் ஒரு பலகையின் நாக்கும் அடுத்த பலகையின் காடியும் கோத்திருக்கும் இடத்துக்கு மேலே உள்ள மரம்தான் இழைப்பதற்குக் கிடைக்கும், அது 6 மில்லிமீட்டர் சுமாருக்கு இருந்தால் அதிகம். அதில் ஒரு பங்கைச் சும்மா தூசியாக்கி மூட்டையில் கட்டி வெளியே கொட்டியிருக்கிறேன்.

எப்போது இழைக்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. மேல் பலகைக்கும் அடித்தளத்துக்கும் ஈரப்பத வித்தியாசம், 3 அங்குலத்துக்குக் குறைந்த அகலமுள்ள பலகை என்றால் 4 சதவீதத்துக்குள், அதற்கு மேல் அகலம் என்றால் 2 சதவீதத்துக்குள் வரவேண்டும். வீட்டின் நனையாத பகுதியில் என்ன எண் வருகிறதோ அதற்கும் பக்கத்தில் வரவேண்டும். வீட்டுக்குள் பழகிய மரம் பெரும்பாலும் 6 முதல் 12 சதவீதத்துக்குள் எங்காவது நிற்கும், உங்கள் வீட்டு எண் எது என்பதைக் காய்ந்த அறைதான் சொல்லும். ஆக, மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மலிவானதுகூடப் போதும், சரியான எண் தெரியாவிட்டாலும் இறங்குகிறதா நிற்கிறதா என்பது தெரிந்துவிடும்.

நான் அதற்கப்புறம் பைத்தியம் மாதிரி ஆகிவிட்டேன். பத்துப் பன்னிரண்டு பலகையில் மாஸ்கிங் டேப் ஒட்டி, வாரத்துக்கு ஒருமுறை அளந்து, பேனாவால் அதிலேயே எழுதி வைத்தேன். வீட்டுக்கு வந்தவர்கள் மருத்துவமனை வார்டு மாதிரி இருக்கிறது என்றார்கள்.

காத்திருப்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது இல்லை. மேலே நிற்கும் தண்ணீரை உடனே எடுக்கவேண்டும், மேலே கிடக்கும் விரிப்புகளையும் சாமான்களையும் அப்புறப்படுத்தவேண்டும், சுவரின் அடியோரமாக ஓடும் ஸ்கர்ட்டிங் பட்டையைக் கழற்றினால் அந்த இடுக்கு வழியாகக் காற்று உள்ளே போகும். அடியிலிருந்து அணுக முடிந்தால், கீழே காலி இடமோ கீழ்த்தளமோ இருந்தால், அங்கே ஃபேன் வைப்பதுதான் பெரிய உதவி, ஈரம் இருக்கும் பக்கமே அதுதானே. தொழில்முறை ஆட்கள் ரப்பர் பாய் மாதிரி ஒன்றைத் தரையில் ஒட்டி, வாக்குவம் வைத்துப் பலகை இடுக்குகள் வழியாக ஈரத்தை இழுக்கிறார்கள். முதல் ஒன்றிரண்டு நாளில் செய்தால் நன்றாக வேலை செய்யும், எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஹீட்டரை மட்டும் வைத்துவிடாதீர்கள். வேகமாகக் காய்ந்த மரம் வெடிக்கும், அந்த வெடிப்பு திரும்ப மூடாது.

இவ்வளவும் கெட்டி மரத்துக்கு. லேமினேட் என்றால் யோசிக்கவே வேண்டாம், அது அழுத்திய மரத்தூள், ஓரம் ஒருமுறை உப்பிவிட்டால் காய்ந்தாலும் இறங்காது, கழற்றி மாற்றுவதுதான். அடுக்குப் பலகை என்றால் மேலே ஒட்டியிருக்கும் நல்ல மரம் சில மில்லிமீட்டர்தான், அடுக்குகள் பிரியாமல் இருந்தால் பிழைக்கும். வினைல் பலகைக்குத் தண்ணீரால் ஒன்றும் ஆகாது, ஆனால் அதற்கு அடியில் மாட்டிக்கொண்ட தண்ணீர் எங்கேயும் போகாது, அதனால் கழற்றித்தான் ஆகவேண்டும். பழைய வீட்டில் பலகைக்கு அடியில் கறுப்புத் தார்ப்பசை இருந்தால் அதைச் சுரண்டவோ இழைக்கவோ போகாதீர்கள், சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், பரிசோதித்துவிட்டுத் தொடுங்கள்.

எங்கள் தரை ஓக் மரம். வாஷிங் மெஷினின் இரும்புக் கால் பட்ட இடத்தில் மை கொட்டினதுபோல் கறுப்பு வட்டம். பூஞ்சை என்று நினைத்து ப்ளீச் ஊற்றினேன், ஒன்றும் ஆகவில்லை. அது பூஞ்சையே இல்லை, ஓக்கில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் வருகிற கறுப்பு. அந்தக் காலத்தில் மை தயாரித்ததும் இப்படித்தான். ஆக்ஸாலிக் அமிலம் போட்டதும் கண்ணெதிரே வெளிறியது. விஷம் அது, கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக்கூடாது, பிறகு நிறையத் தண்ணீர் விட்டுத் துடைக்கவும் வேண்டும், தண்ணீர் விடுவது அந்தத் தரைக்கு என்றபோது எனக்குக் கை நடுங்கியது. நிஜமான பூஞ்சைக்கும் ப்ளீச் சரியான மருந்து இல்லை. மரம் துவாரமுள்ளது, ப்ளீச் மேலோடு நின்றுவிடும், அதிலுள்ள தண்ணீர் மட்டும் உள்ளே இறங்கும். தவிர, செத்த பூஞ்சையும் மூச்சுக்கு ஆகாது, துடைத்து எடுத்தால்தான் ஆயிற்று.

ஆறாவது மாதம் அந்தத் தச்சரே வந்து இரண்டாவது முறை இழைத்தார். மிக லேசாக, நடு மேட்டை மட்டும். இன்னொரு முறை இழைக்க இந்தத் தரையில் மரம் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். வாஷிங் மெஷினுக்கு இப்போது ஸ்டீல் வலை பின்னிய ஹோஸ். அதையும் ஐந்து வருடத்துக்குள் மாற்றிவிடச் சொல்கிறார்கள். துவைத்து முடித்ததும் வால்வை மூடிவிடுகிறேன்.

போன வாரம் ஹாலில் இருக்கும் புத்தக அலமாரியை நகர்த்தியபோது, அதன் காலருகே ஒரு டேப் துண்டு பிரிக்காமலே கிடந்தது. என் கையெழுத்தில் 13, 13, 12, 12, 11. மற்ற இடமெல்லாம் 9-க்கு வந்த பிறகும் காற்றுப் படாத அந்த மூலை மட்டும் இறங்காமல் நின்றதும், அலமாரியை நகர்த்தச் சோம்பல்பட்டுக்கொண்டு அந்த ஒரு பலகையை இழைக்காமல் விடச் சொன்னதும் நினைவுக்கு வந்தது. மீட்டரை எடுத்து வந்து குத்திப் பார்த்தேன். 9. டேப்பில் எழுத இடமில்லை, அதற்குப் பக்கத்தில் தரையிலேயே எழுதிவிட்டேன்.